வெறுங்களத்தில் எரிந்த விளக்கு

இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டீர்கள். விளக்கைக் கழற்றுவது, மாட்டுவது, விளக்குக் குழாயைத் துடைப்பது, ஒளியின் வலுவை அளப்பது எல்லாம் பயிற்சிக் கையேட்டில் இருக்கின்றன. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் அதில் எதெல்லாம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இல்லாததில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

செடிகளில் வரும் பூஞ்சையைப் புற ஊதா விளக்கால் கட்டுப்படுத்தும் வண்டியை நாம் விற்கிறோம். ரசீதில் அப்படித்தான் இருக்கும். ஆனால் வாங்குகிறவருக்குத் தேவைப்படுவது விளக்கு மட்டுமல்ல, அதற்குப் பின்னால் வருகிற இருட்டும்தான். விளக்குக்கு உத்தரவாதம் கொடுக்கிறோம். இருட்டுக்கு யாரும் கொடுப்பதில்லை.

இதை நான் கற்றுக்கொண்டது பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில். அப்போது நம் நிறுவனம் பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டிகளை விட்டுவிட்டு இந்த வண்டிக்கு மாறிய புதிது. முதல் வண்டி தயாரானதும் முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். முகத்தில் திருப்தி இல்லை.

"எரியுதான்னே தெரியலீங்களே. வாங்கறவன் என்னத்தப் பாத்து நம்புவான்?" என்றார்.

புற ஊதா ஒளி கண்ணுக்குத் தெரியாது, அது மேலே படுகிற தூரத்தில் நிற்கவும் கூடாது என்று நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மறுநாள் காலையில் வண்டியின் இரண்டு பக்கமும் பளிச்சென்ற நீல விளக்குப் பட்டை ஒட்டியிருந்தது. இருட்டு அறையில் போட்டுப் பார்த்தபோது வண்டி மிக விஞ்ஞானபூர்வமாகத் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

நம் சோதனை அறையை அப்போது ஓர் அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார். செடி நோய்களைப் பற்றி ஆயுள் முழுக்கப் படித்தவர், அதிகம் பேசமாட்டார். வண்டியைப் பார்த்ததும், "ஏனுங்க, இது கல்யாண மண்டபத்துக்குப் போற வண்டிங்களா?" என்று கேட்டார். பிறகு முதலாளியைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

"புற ஊதா வெளிச்சம் பூஞ்சையைக் காயந்தான் பண்ணுதுங்க. ஒடனே சாகறதில்லை. அந்தக் காயத்தை ஆத்திக்கறதுக்கு அதுக்கு வெளிச்சம் வேணும். சூரிய வெளிச்சத்துலயும் ஆத்திக்கும், நீல வெளிச்சத்துல இன்னும் நல்லாவே ஆத்திக்கும். இருட்டுல விட்டாத்தான் சாகும். நீங்க அடிக்கறதையும் அடிச்சுப்போட்டு, பக்கத்துலயே ஆஸ்பத்திரியும் கட்டிக் குடுத்திருக்கறீங்க."

பட்டை அன்று மாலையே பிரிக்கப்பட்டது. வீணாக்க மனமில்லாமல் முதலாளி அதை அலுவலகத்துப் பிள்ளையார் படத்தைச் சுற்றி ஒட்டிவிட்டார். இன்றும் அங்கே எரிகிறது. பொழுது சாய்ந்த பிறகுதான் வண்டியை ஓட்ட வேண்டும், ஓட்டியபின் பல மணி நேரம் செடி வளரும் பசுமைக்குடிலுக்குள் வெளிச்சம் படக்கூடாது என்ற இரண்டு விதிகளும் அன்றைக்கு வந்தவை. கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கின்றன. "குடிலுக்குள் டார்ச் உட்பட எந்த விளக்கும் பயன்படுத்தக் கூடாது." மிகத் தெளிவான வாக்கியம் என்று அப்போது நினைத்தோம்.

இனி கோகிலாவின் குடிலுக்கு வருகிறேன்.

உடுமலைப்பேட்டையிலிருந்து அமராவதி அணைக்குப் போகிற சாலையில் உள்ளே திரும்பினால் தென்னந்தோப்புகள்தான். அவற்றுக்கு நடுவே ஒரு பசுமைக்குடில், பாலித்தீன் கூரை போட்டது. அதில் கோகிலா வெள்ளரி வைத்திருந்தார். முப்பது வயதைத் தாண்டியவர். கணவருக்குத் திருப்பூரில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவார். வாரம் முழுக்கத் தோட்டத்தில் இருப்பவர்கள் கோகிலாவும் அவருடைய மாமனாரும்தான். காயை வாங்குவது கோயமுத்தூரில் ஒரு பெரிய கடை. மருந்தடித்த காய் என்று சோதனையில் தெரிந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் சாம்பல் நோய்ப் பூஞ்சைக்கு மருந்து அடிக்காமல் நம் வண்டியை வாங்கியிருந்தார்.

சாம்பல் நோயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலைமேல் யாரோ விபூதியைத் தட்டிவிட்டுப் போனதுபோல வெள்ளையாகப் பூக்கும். பார்க்க மங்கலமாக இருக்கும். பத்துப் பதினைந்து நாளில் இலை காய்ந்து, கொடி களைத்துப்போகும்.

அந்தக் குடில் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். தென்னையைத் தவிர வேறெதையும் விவசாயம் என்று ஒப்புக்கொள்ளாதவர் மாமனார். கொப்பரை போட்டு விற்பவர், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவர். மகனும் மருமகளும் கேட்டுக்கொண்டதால் அந்த இடத்தைக் கொடுத்தாரே தவிர, கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார். நான் முதல்முறை போனபோது என்னிடமும் அதைச் சொன்னார்:

"இந்த ஒரு வெள்ளாமை பாக்கட்டுமுங்க. தேறுச்சுன்னா சந்தோசம். தேறலைன்னா கொட்டாயைப் பிரிச்சுப்போட்டுத் தென்னை வெச்சுக்கலாம்."

வெறும் பேச்சாக விடவில்லை. தென்னங்கன்றுகளை வாங்கி, பைகளோடு, குடிலின் சுவரை ஒட்டியே வரிசையாக நிறுத்தியிருந்தார். தினமும் சாயங்காலம் அவரே தண்ணீர் ஊற்றுவார். குடிலுக்குள் போகிற கோகிலா ஒவ்வொரு முறையும் அந்தக் கன்றுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அவை மிக நன்றாக வளர்ந்துகொண்டிருந்தன.

அந்த நிபந்தனைக்குப் பிறகு மாமனாரும் மருமகளும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. மரியாதைக் குறைவு ஒன்றும் கிடையாது. மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கும்போது மட்டும் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நான் போனால் நான் அந்த மூன்றாவது ஆள்.

"மோட்டார் ரூம்புச் சாவி ஆணியில மாட்டியிருக்குதுன்னு அம்மணிகிட்டச் சொல்லிப்போடுங்க சார்" என்பார் பெரியவர். அம்மணி என்று அவர் சொல்வது கோகிலாவை. கோகிலா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

"பாத்துட்டேன்னு மாமாகிட்டச் சொல்லிருங்க சார்" என்பார் கோகிலா.

முதல்முறை நான் கடமையாக அதைத் திருப்பிச் சொன்னேன். இருவரும் என்னை வேடிக்கையாகப் பார்த்தார்கள். சொல்லத் தேவையில்லை, நின்றால் போதும் என்பது அப்புறம்தான் விளங்கியது. நான் போகாத நாட்களில் அந்த வேலையைக் கட்டுத்தறியில் இருந்த எருமை பார்த்ததாகக் கோகிலா சொன்னார்.

வண்டி ஓடத் தொடங்கிச் சில வாரங்களில் மேற்குப்பக்க வரிசைகளில் நோய் நின்றுவிட்டது. கிழக்குப்பக்கத்தில் நிற்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். விளக்கு சரியாக இருந்தது. குழாய் துடைத்த கண்ணாடிபோல் இருந்தது. வண்டியின் வேகம், ஒளியின் வலு, இலைக்கும் விளக்குக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சரி. கையேட்டின்படி அந்தக் குடிலில் நோய் இருக்கவே கூடாது. நோய் கையேட்டைப் படித்ததாகத் தெரியவில்லை.

அடுத்தடுத்து மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் காலையில் போய், அளந்து, மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, மூன்று மணிக்குக் காபி குடிப்பேன். அதற்குமேல் பெரியவர் இருக்க விடமாட்டார்.

"பொழுதோட கெளம்பிருங்க சார். பஸ்ஸு கூட்டமாயிரும்" என்று இளநீர் வெட்டிக் கையில் கொடுத்து, சாலைவரை வந்து பேருந்து ஏற்றிவிட்டுத்தான் திரும்புவார். இவ்வளவு மரியாதையாக என்னை எங்கிருந்தும் யாரும் அனுப்பியதில்லை.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். நம் வண்டி ஓடுவது இருட்டிய பிறகு. நாம் எல்லோரும் போய்ப் பார்ப்பது பகலில். பழுது பார்க்கும் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். இதில் உள்ள வேடிக்கை அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிலைமை முற்றிக்கொண்டு வந்தது. கிழக்குப்பக்க வரிசைகளில் பாதி இலை வெளுத்துவிட்டது. அங்கிருந்து மறுபடி மேற்கே பரவினால் அறுவடை முழுமையாகப் போகும். கடைக்காரர்கள் இரண்டு தடவை ஆளனுப்பிக் கேட்டுவிட்டார்கள். முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ரெண்டு மடங்கு நேரம் ஓட்டச் சொல்லுங்களேன். செத்துப்போகுதில்ல?"

"பூஞ்சை சாகறதுக்கு முன்னால இலை கருகிப்போகுமுங்க" என்றேன்.

"கருகுனா செடிக்கு வேற ஏதோ நோயின்னு சொல்லிக்கலாம். வெளுத்தா நம்ம வண்டிதான்னு சொல்லுவாங்க."

நிறுவனம் நடத்துகிற ஒருவரின் கவலை அது. தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் கோகிலாவும் அதையே கேட்டபோதுதான் சங்கடமாயிற்று.

"ரெண்டு வாட்டி ஓட்டிப்போடறேனே சார். எப்படியும் போகப்போற செடிதான" என்றார். சொல்லிக்கொண்டே கைகள் ஒரு வெளுத்த இலையைக் கிள்ளிப் பையில் போட்டன. வீட்டில் இருப்பவர்களிடம் கேட்க முடியாத ஒன்றை என்னிடம் கேட்கிறார் என்று தோன்றியது.

இந்த இடத்தில் உங்களுக்கும் அவசரம் வரும். அளவைக் கூட்டுவது எப்போதும் எளிது, ஏனென்றால் அதற்குப் பொத்தான் இருக்கிறது. காரணத்தைத் தேடப் பொத்தான் கிடையாது. நான் கூட்ட மறுத்தேன். அதற்குப் பதிலாக அன்று பேருந்து ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பெரியவருக்கு அது பிடிக்கவில்லை.

"இருட்டுல எதுக்குங்க சார் இங்க நின்னுட்டு? நாளைக்கு வெளிச்சத்துல பாத்துக்கலாமுங்க."

"வண்டி ஓடறதைப் பாக்கோணுமுங்க."

"அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது? கண்ணுக்குத்தான் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிப்போட்டீங்களே" என்றார். முதலாளியும் அவரும் சந்தித்ததே இல்லை, ஆனால் ஒரே பள்ளியில் படித்தவர்கள்போல் பேசினார்கள்.

பொழுது இறங்கியதும் கோகிலா முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தை மறைக்கும் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வரிசையில் வண்டியை ஓட விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். அது ஓடி முடிந்து விளக்கு அணைந்ததும் உள்ளே போய் அடுத்த வரிசைக்கு மாற்றுவார். கையில் டார்ச் கிடையாது. உள்ளே போக வர, கதவைத் திறக்க மூட, வரப்பில் நடக்க, எல்லாம் இருட்டிலேயே. நம் தடித்த எழுத்து வாக்கியத்தை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கோகிலா முதல் முறை உள்ளே போனார். உடனே கிழக்கே, வீட்டுப் பக்கமிருந்து, பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம் விழுந்தது. குடிலின் கிழக்குச் சுவர் வெள்ளைத் துணிபோலத் தெரிந்தது. கடைசி வரிசைக் கொடிகளின் நிழல் மண்ணில் விழுந்தது.

"அது என்ன லைட்டு?" என்று, வெளியே வந்த கோகிலாவிடம் கேட்டேன்.

"அது களத்து லைட்டுங்க சார். கொப்பரை காயுதுன்னு மாமா போடறது. கொப்பரைத் திருடங்க வருவாங்களாமா. தெனமும் போடுவாரு. படுக்கப் போறப்பத்தான் அணைப்பாரு."

"கையேட்டுல..." என்று தொடங்கினேன்.

"குடிலுக்குள்ள போடப்படாதுன்னுதான சார் போட்டிருக்குது? இது வெளியதான இருக்குது."

உண்மைதான். கையேட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. பாலித்தீன் கூரை வழியே வெளிச்சம் உள்ளே வரும் என்பதற்காகத்தான் குடிலே கட்டுகிறார்கள் என்பதைக் கையேடு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வெளிச்சம்தான் கிழக்கு வரிசைகளில் பூஞ்சையைப் பிழைக்க வைக்கிறது என்று விளக்கினேன். காயம், இருட்டு, ஆஸ்பத்திரி என்று அம்மையார் சொன்னதை அப்படியே சொன்னேன். கோகிலா முகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சுவரை ஒட்டி நின்ற தென்னங்கன்றுகளைப் பார்த்தார். களத்து வெளிச்சத்தில் அவற்றின் ஓலைகள் பளபளத்தன.

"அப்பச் சரிதானுங்க" என்றார். "வேணும்னே போடறாரு."

"அப்படிச் சொல்லாதீங்க."

"பின்னே? கன்னு வாங்கி வெச்சாச்சு, குழி வெட்டற ஆளுக்குச் சொல்லி வெச்சாச்சு. என்னைப் போவச் சொன்னாத்தான் மரியாதைக் கொறைச்சல். லைட்டுப் போட்டா மரியாதைதான? சனிக்கெழமை இவரு வரட்டும் சார். ஒண்ணு குடிலு, இல்லைன்னா நான் திருப்பூருக்கே போயிடறேன்."

குரல் உயரவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

என் வேலை அத்துடன் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தாயிற்று, கருவியில் குறையில்லை, களத்து விளக்கை அணைக்கவும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். அந்த அறிக்கை முழுக்க உண்மையாக இருந்திருக்கும். சனிக்கிழமை ஒரு குடும்பமும் பிரிந்திருக்கும்.

நான் களத்தைப் பார்த்தேன். வெளிச்சம் களம் முழுக்கப் பரவியிருந்தது. களத்தில் ஒன்றும் இல்லை. கூட்டித் தள்ளிய வெறும் சிமெண்டுத் தரை. அப்போது மழைக்காலம், கொப்பரை காயப்போடுகிற பருவமே அல்ல. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பெரியவர் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு கம்பு. கொப்பரைத் திருடன் வந்தால் சாலைப் பக்கமிருந்துதான் வருவான். பெரியவர் சாலைக்கு முதுகைக் காட்டி, குடிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, இப்பவே கேட்டுப்போடலாம்" என்றேன்.

"நான் பேச மாட்டேனுங்க."

"நீங்க பேச வேண்டாம். நான் வந்து நிக்கறேன்."

கோகிலா கொஞ்சம் தயங்கிவிட்டுப் பின்னால் வந்தார். நான் இருவருக்கும் நடுவே, வழக்கமான இடத்தில் நின்றேன்.

"ஏனுங்க, களத்துல என்ன காயுதுங்க?" என்று பெரியவரைக் கேட்டேன்.

அவர், தனக்குத் தெரியாமல் யாராவது எதையாவது போட்டிருப்பார்களோ என்பதுபோலக் களத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணும் காயலீங்க."

"பின்னே லைட்டு?"

பெரியவர் கம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு, நான் எதிர்பாராத விதமாக, என்மேல் பாய்ந்தார்.

"டார்ச்சு அடிக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டது நீங்கதானுங்களே? அந்தக் கொட்டாய்க்குள்ள எந்நேரமும் ஈரம். ஈரத்துக்குத் தவளை வருது. தவளைக்குப் பின்னால என்ன வரும்னு உங்க கம்பெனிப் பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்களா?"

போட்டிருக்கவில்லை.

"இந்த மழை தொடங்குனப்ப இந்த வரப்புலதான் ஒரு கண்ணாடி விரியன் அடிச்சோம். அதுக்கு அடுத்த வாரம் நீங்க வண்டியைக் கொண்டாந்து குடுத்து, கண்ணைக் கட்டிட்டு நடன்னு சொல்லிப்போட்டுப் போறீங்க. ஒத்தப் பொம்பளை. நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எம்பட பையனுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

கோகிலா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "கொப்பரைக்குன்னு சொன்னாருங்களே சார்."

பெரியவரும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "பின்னே எப்படிச் சொல்றது? கொட்டாய் வேண்டாம்னவனே கொட்டாய்க்குக் காவல் இருக்கறான்னு ஊர்ல நாயம் பேசிச் சிரிக்கமாட்டாங்களா?"

"அந்த லைட்டுனாலதான் நோய் போகமாட்டேங்குதுன்னு சொல்லுங்க சார்."

இதை மட்டும் நான் உண்மையிலேயே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். ஆஸ்பத்திரி என்ற சொல் வந்ததும் பெரியவருக்குப் புரிந்துவிட்டது. 

"அப்ப இத்தனை நாளா அந்தக் கருமத்துக்கு வைத்தியம் பாத்தது நாந்தானுங்களா" என்றார்.

எழுந்து போய் விளக்கை அணைத்தார்.

தென்னந்தோப்புக்குள் விளக்கு அணைந்தால் எப்படி இருக்கும் என்பது நகரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவர்கூடத் தெரியவில்லை. அந்த இருட்டில் பெரியவரின் குரல் கேட்டது.

"செருப்புப் போட்டிருக்குதான்னு கேளுங்க சார்."

"போட்டிருக்கேன் மாமா" என்றார் கோகிலா.

"ரப்பர் செருப்பெல்லாம் ஆகாது கண்ணு. எம்பட பூட்ஸ் மோட்டார் ரூம்புல கெடக்குது, அதைப் போட்டுக்க."

"அது எனக்குப் பெருசுங்க மாமா."

"துணி சுத்திப் போட்டுக்க."

நான் நடுவில் நிற்பது இருட்டில் அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. தெரிவித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் சிக்கல் தீரவில்லை. விளக்கை அணைத்த பெரியவர், இருட்டில் மருமகளை உள்ளே அனுப்பவும் மறுத்துவிட்டார். பூட்ஸ் இருந்தாலும் போகக் கூடாது, செடி போனால் போகட்டும் என்றார். வெளிச்சம் இருந்தால் செடி போகும், வெளிச்சம் இல்லையென்றால் கோகிலா போக முடியாது. அம்மையாரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். கதையைக் கேட்டுவிட்டு, "சிவப்பு விளக்குப் போடுங்க" என்றார். "வெள்ளை வெளிச்சத்துக்குள்ளயும் நீலம் இருக்குதுங்க, அந்த நீலத்துலதான் பூஞ்சை பொழைக்கும். சிவப்புல பொழைக்காதுங்க. நம்ம டெஸ்ட் ரூம்புல தெனமும் என்ன எரியுது? சிவப்பு பல்புதான?"

எரிகிறதுதான். நாங்கள் எல்லோரும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்துதான், எந்த விளக்கும் பயன்படுத்தக் கூடாது என்ற வாக்கியத்தை எழுதினோம்.

மறுநாள் உடுமலைப்பேட்டையில் நானும் பெரியவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவுக்குச் சீரியல் விளக்கு வாடகைக்கு விடுகிற ஒருவரிடம்தான் வேறு நிறம் கலக்காத நல்ல சிவப்பு பல்புகள் கிடைத்தன. என்ன விசேஷம் என்று கேட்டார். "வெள்ளரிக்காய்க்குங்க" என்றார் பெரியவர். விளக்குக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வரப்பில் ஒன்று, வாசலில் ஒன்று, உள்ளே இரண்டு என்று மாட்டினோம். அன்று சாயங்காலத்திலிருந்து கோகிலா பெரிய பூட்ஸோடு சிவப்பு வெளிச்சத்தில் நடந்தார். வெளுத்த இலைகள் போனது போனதுதான். ஆனால் புதிதாக வந்த இலைகள் கிழக்குப்பக்கத்திலும் சுத்தமாக இருந்தன. கடைக்குக் காய் போயிற்று. திரும்பி வரவில்லை.

இங்கே முடித்தால் நமக்கு நல்ல பெயர். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவது என் வழக்கம்.

நம் விளக்கு கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு பல்பு சாலையிலிருந்தே தெரியும். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து, காயைப் பார்த்து, சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சில வாரங்களில் அந்தப் பாதையில் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் சிவப்பு பல்பு எரிந்தது. நம் வண்டியை ஒருவரும் விசாரிக்கவில்லை. குடில் வாசலில் சிவப்பு விளக்கைப் பார்த்துக் கருப்பராயன் கோயில் என்று நினைத்து யாரோ எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெரியவர் அதை எடுக்க விடவில்லை. "இருக்கட்டும், அதுவும் ஒரு காவல்தானுங்களே" என்றார். முதலாளி மட்டும் வெகுநாள் வருத்தத்தில் இருந்தார். "பல்பையும் நாமளே செஞ்சிருக்கலாமுங்க" என்று இப்போதும் சொல்வார்.

அந்த வெள்ளாமை முடிந்தபின், ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், கடைசியாக ஒருமுறை போனேன். சுவரை ஒட்டி நின்ற தென்னங்கன்றுகளைக் காணவில்லை. பெரியவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். களத்துக்கும் குடிலுக்கும் நடுவே ஒரே வரிசையாகக் குழி வெட்டி நட்டிருந்தார்.

"மாசியில கொப்பரை போட்டா வெள்ளை லைட்டு வேணுமுங்களே சார். அந்த வெளிச்சம் கொட்டாய்க்குப் படப்படாதில்லீங்க? அதுக்குத்தான் மறைப்பா இருக்கட்டும்னு. இப்போதைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கறேன். தென்னை வந்துட்டா தார்ப்பாய் தேவையில்லீங்க."

நான் மரங்களைப் பற்றி அதிகம் அறிந்தவன் அல்ல. ஆனாலும் வளர்ந்த தென்னைக்குக் கீழே வெறும் தண்டுதான் இருக்கும், அது எந்த விளக்கையும் மறைக்காது என்பது எனக்கே தெரியும். ஆயுள் முழுக்கத் தென்னையோடு இருந்தவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. வாங்கிவிட்ட கன்றுகளை எங்காவது நட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

"வந்துருமுங்க" என்றேன்.

குடிலுக்குள்ளிருந்து கோகிலா எட்டிப் பார்த்து, "மாமா, சாருக்கு எளநி வெட்டுனீங்களா?" என்று கேட்டார்.

கிளம்பும்போது இன்னொன்றும் கவனித்தேன். அந்த வரிசை கிழக்கே இருக்கிறது. மரங்கள் வளர்ந்து தலை தூக்கினால் காலை வெயில் குடிலுக்குள் வராமல் மறைக்கும். நிழலும் ஈரமும் சேர்ந்தால் கிழக்குப்பக்க வரிசைகளில் மறுபடி சாம்பல் நோய் வரும். அப்போது எந்த விளக்கை எரித்தாலும் அணைத்தாலும் அவ்வளவாகப் பயன் இருக்காது. சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் ஒரு கன்றுக்குக் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

அந்த நிழல் விழுவதற்கு ஆறேழு வருடமாவது ஆகும். அதுவரை அந்தக் குடில் இருக்கும் என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்பதுதான் அன்றைக்கு முக்கியம். நோய் வந்ததும் கோகிலா நம் அலுவலகத்துக்குத்தான் கூப்பிடுவார். நான் இருக்க மாட்டேன், உங்களில் ஒருவர்தான் போவீர்கள். தயவுசெய்து பொழுது சாய்ந்த பிறகு போங்கள். மரங்களைப் பற்றி அப்போது நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.